குதிக்க ஒரு வேலை, குதிப்பதே வேலை

வெளிநாடு போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் இப்போதெல்லாம் ஒன்று தவறாமல் இருக்கிறது. கன்னம் இரண்டும் காற்றில் பிதுங்கி, வாய் பிளந்து, இரண்டு கட்டை விரல்களையும் உயர்த்திக் கொண்டு ஒருவர் வானத்தில் விழுந்து கொண்டிருப்பார். பார்க்கிறவர்கள் எல்லோரும் "என்ன தைரியம்!" என்பார்கள். அவருடைய முதுகோடு சேர்த்துக் கட்டப்பட்ட இன்னொரு ஆள் அதே படத்தில் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. முன்னால் இருப்பவர் அன்றைக்கு ஒரு தடவை குதித்தார். பின்னால் இருப்பவருக்கு அது அன்றைய எட்டாவது குதிப்பாகக் கூட இருக்கலாம்.

ஸ்கைடைவிங் பற்றிப் பேசும்போது உயரம், வேகம், பயம் என்றுதான் பேச்சு போகிறது. 13,000 அடி, மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான சுதந்திர வீழ்ச்சி. எல்லாம் சரிதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் இருப்பது கூலி வேலை. அந்த வேலை எப்படி நடக்கிறது, அதற்கு எப்படிக் காசு தரப்படுகிறது என்பதில்தான் குதிப்பவரின் உயிர் பாதி இருக்கிறது. இந்த விஷயத்தில் அமெரிக்காவை எடுத்துக் கொண்டால் போதும். இந்த விளையாட்டு அங்கேதான் பெரிய தொழிலாக வளர்ந்திருக்கிறது. கலிபோர்னியாவின் பெரிஸ், அரிசோனாவின் எலாய், புளோரிடாவின் டிலேண்ட் ஆகிய ஊர்களை உலகம் முழுக்க குதிப்பவர்கள் அறிவார்கள்.

முதலில் பாராசூட் மடிப்பவர். 'பேக்கர்' என்று பெயர். ஒரு பெரிய கொட்டகையின் தரையில் கம்பளம் விரித்திருக்கும். அதில் முட்டி போட்டு உட்கார்ந்து காலையிலிருந்து மாலை வரை துணி மடிக்க வேண்டும். கேட்டால் சலவைக்கடை வேலை போலத் தோன்றும். இறங்கி வந்த பாராசூட்டின் கயிறுகள் சிக்கலில்லாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திசை திருப்பும் கயிறுகளைப் பாதி இழுத்துப் பூட்ட வேண்டும். துணியின் ஒவ்வொரு அறையையும் ஒழுங்காக அடுக்க வேண்டும். 'ஸ்லைடர்' என்ற சதுரத் துணியைக் கயிறுகளின் மேல் எல்லை வரை தள்ள வேண்டும். அது மேலே இல்லாவிட்டால் பாராசூட் ஒரே அடியில் விரிந்து குதிப்பவரின் கழுத்தையே முறித்து விடக் கூடும். பிறகு காற்றை அமுக்கி வெளியேற்றி, பைக்குள் திணித்து, கயிறுகளை ரப்பர் வளையங்களில் மாட்டி, முதுகுப்பையை மூடி, ஊசி செருக வேண்டும். கடைசியில் 'பைலட் சூட்' என்கிற குட்டிப் பாராசூட்டின் நடுக்கயிறு இழுத்து விடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை மறந்து போனால் அந்தக் குட்டிப் பாராசூட் காற்றைப் பிடிக்காமல் வெறும் கந்தல் துணியாகப் பின்னால் ஆடும். பெரிய பாராசூட் வெளியே வராது. இவ்வளவையும் கால் மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அடுத்த விமானம் காத்திருக்கும்.

இதற்குக் கூலி உருப்படிக் கணக்கு. சாதாரணப் பாராசூட் ஒன்றுக்குப் பத்து டாலருக்குள். இரண்டு பேரைத் தாங்கும் பெரிய டாண்டம் பாராசூட்டுக்குக் கொஞ்சம் கூட. மழை பெய்தால் பூஜ்யம். காற்று அதிகம் என்று காத்திருந்தாலும் பூஜ்யம்.

அப்படியும் ஏன் இந்த வேலைக்கு ஆள் வருகிறார்கள்? அவர்களும் குதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் தன் சொந்தப் பாராசூட்டோடு ஒரு முறை மேலே போய்க் குதிக்க முப்பது டாலரை ஒட்டிச் செலவாகிறது. நாலு பாராசூட் மடித்தால் ஒரு குதிப்பு என்று வைத்துக் கொள்ளலாம். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர், மெக்கானிக், வார நாளில் ஓட்டலில் பரிமாறுபவர் எல்லாம் விமானத் திடலின் ஓரத்தில் கூடாரமோ பழைய வேனோ போட்டுக் கொண்டு இப்படி வாழ்கிறார்கள். காலையில் மடித்துச் சம்பாதித்த காசு மாலையில் அதே நிறுவனத்தின் டிக்கெட் கவுண்டருக்கே திரும்பிப் போகிறது. நம் ஊர் எஸ்டேட் கடைகளை நினைவுபடுத்தும் ஏற்பாடு! ஆனால் இங்கே யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த ஏணியில் மேலே ஏறுவதும் லேசில்லை. அமெரிக்க பாராசூட் சங்கத்தின் முதல் உரிமத்துக்கு 25 குதிப்புகள், கடைசி உரிமத்துக்கு 500. வாடிக்கையாளரை மார்போடு கட்டிக் கொண்டு குதிக்கும் டாண்டம் பயிற்சியாளர் ஆக 500 குதிப்புகளும் இந்த விளையாட்டில் 3 ஆண்டு அனுபவமும் வேண்டும். தனியாகக் குதிக்கக் கற்றுத் தருபவர் ஆக வேண்டுமென்றால் 6 மணி நேர சுதந்திர வீழ்ச்சி. ஆறு மணி நேரம்தானே என்று தோன்றும். ஒரு தடவைக்கு ஒரு நிமிடம் கூடக் கிடைக்காத விளையாட்டில் அது 360 குதிப்புகளுக்கும் மேல். நாலு மடிப்புக்கு ஒரு குதிப்பு என்ற கணக்கில் 500 குதிப்புகளுக்கு 2,000 மடிப்புகள். ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்றால் 500 மணி நேரம் முட்டி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சொந்தப் பாராசூட் வாங்கும் செலவு தனி.

இவ்வளவு தவம் செய்து டாண்டம் பயிற்சியாளர் ஆனவர் என்ன பெறுகிறார்? வாடிக்கையாளர் கட்டும் இருநூறு முன்னூறு டாலரில், பல இடங்களில் ஒரு குதிப்புக்கு நாற்பது ஐம்பது. அதுவும் குதித்தால்தான். பல இடங்களில் இவர் ஊழியரே அல்ல, தனி ஒப்பந்தக்காரர் என்று கணக்கு. முன்பெல்லாம் கூடவே ஒருவர் ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக் கொண்டு குதித்துப் படம் எடுப்பார். பேக்கராக இருந்தவர் பயிற்சியாளர் ஆவதற்கு நடுவில் நல்ல பிழைப்பு அது. இப்போது பல இடங்களில் பயிற்சியாளரின் இடது மணிக்கட்டிலேயே சின்னக் கேமராவைக் கட்டி விடுகிறார்கள். ஒரு ஆள் கூலி மிச்சம். வாடிக்கையாளரின் கால்களை மடக்கச் சொல்வது, உயரமானியைப் பார்ப்பது, வேகத்தைக் குறைக்கும் சின்னப் பாராசூட்டை வீசுவது, மற்றவர்கள் எங்கே விழுகிறார்கள் என்று கவனிப்பது, இத்தனைக்கும் நடுவில் அவர் சிரிப்பைப் படம் பிடிக்கவும் வேண்டும் :-)

பிரச்சினையே இந்த உருப்படிக் கூலிதான். காற்று மாறுகிறது, மேகம் இறங்குகிறது, இனி வேண்டாம் என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லத் தகுதியானவர் அன்றைக்கு ஏழு தடவை அதே காற்றில் இறங்கி வந்த பயிற்சியாளர்தான். ஆனால் அவர் 'வேண்டாம்' என்று சொன்ன நொடியில் அவருடைய கூலி நிற்கிறது. மடிப்பவருடைய கூலியும் நிற்கிறது. விமானிக்கும் பல இடங்களில் நடைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. பாதுகாப்பான முடிவை எடுப்பவர் கையிலிருந்து காசைப் பறிக்கும் ஏற்பாட்டை வைத்துக் கொண்டு, பாதுகாப்பே முக்கியம் என்று சுவரில் பலகை மாட்டுவதில் அர்த்தம் இல்லை. சோர்வும் அப்படித்தான். சாப்பிடாமல் அடுத்த விமானத்துக்கு ஓடுபவர் பேராசைக்காரர் அல்ல. நேற்று மழை, நாளைக்கும் மழை என்று தெரிந்தவர்.

ஸ்கைடைவிங் அவ்வளவு அபாயமானது என்று சொல்வது இங்கே நோக்கம் அல்ல. புள்ளிவிவரம் எதிர்ப்பக்கம்தான் நிற்கிறது. 1970களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023ல் சுமார் 36 லட்சம் குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். இந்த முன்னேற்றத்தைக் கொண்டு வந்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் குதித்துக் கொண்டே வேலை செய்தவர்கள். சிக்கிக் கொண்ட முதல் பாராசூட்டை ஒரே இழுப்பில் கழற்றி விடும் மூன்று வளையப் பூட்டை 1970களில் உருவாக்கிய பில் பூத் ஒரு குதிப்பாளர். 1980களில் டாண்டம் முறையைக் கொண்டு வந்தவர்களிலும் அவர் ஒருவர். குதிப்பவர் மயங்கி விட்டாலும் குறிப்பிட்ட உயரத்தில் இரண்டாவது பாராசூட்டைத் தானே திறந்து விடும் சைப்ரஸ் கருவி 1991ல் ஜெர்மனியிலிருந்து வந்தது. அந்த இரண்டாவது பாராசூட்டை மட்டும் சாதாரண பேக்கர் தொட முடியாது. தேர்வு எழுதி அரசு உரிமம் பெற்ற 'ரிக்கர்' 180 நாட்களுக்கு ஒரு முறை மடித்து, அட்டையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைக்க வேண்டும். அதாவது, வேலைக்கு மதிப்பும் பொறுப்பும் எழுத்தில் கொடுக்கப்பட்ட இடத்தில் பாதுகாப்பு நன்றாகவே நடக்கிறது.

கொடுக்கப்படாத இடத்தில்? 2016 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லோடை அருகே டாண்டம் குதிப்பில் 18 வயது இளைஞர் ஒருவரும் அவருடைய பயிற்சியாளரும் இறந்தார்கள். அந்தப் பயிற்சியாளருக்கு முறையான தகுதிச் சான்று இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவருக்குப் பயிற்சி அளித்தவரின் அதிகாரம் ஏற்கனவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வேறொருவர் கையெழுத்திட்ட படிவங்களை வைத்து அவர் பயிற்சி நடத்தியிருக்கிறார். 2024ல் நீதிமன்றம் அவரை மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. செய்திகள் எல்லாம் சரியாகவே அந்த இளைஞரைப் பற்றி எழுதின. கூடவே இறந்த பயிற்சியாளரைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காசு கட்டிப் பயிற்சி பெற்று, தனக்குத் தகுதி வந்து விட்டது என்று நம்பி வேலை பார்த்தவர். அவரும் ஏமாற்றப்பட்டவர்தான்.

விமானத்தின் கதை இன்னும் மோசம். 1980 முதல் 2008 வரை குதிப்பாளர்களை ஏற்றிச் சென்ற விமானங்களின் 32 விபத்துகளில் 172 பேர் இறந்ததாக அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2008ல் ஒரு தனி அறிக்கையே வெளியிட்டது. காசு வாங்கிக் கொண்டு ஆட்களை ஏற்றினாலும், இந்த விமானங்களுக்குப் பயணிகள் விமானத்தின் கடுமையான விதிகள் இல்லை. தனியார் சொந்தமாக ஓட்டும் விமானத்துக்கான பொது விதிகள்தான். பதினோரு ஆண்டு கழித்து, 2019 ஜூனில், ஹவாயின் ஓவாஹு தீவில் ஒரு விமானம் கிளம்பிய சில விநாடிகளில் விழுந்து 11 பேரும் இறந்தார்கள். விமானி கிளம்பும்போதே மூர்க்கமாகத் திருப்பியதுதான் முதல் காரணம் என்றது விசாரணை. 2016ல் நடந்த விபத்தில் அதே விமானத்தின் இறக்கை முறுக்கிப் போயிருந்தது, அது சரி செய்யப்படாமலே பறந்திருக்கிறது என்பதும், அரசின் கண்காணிப்பு போதவில்லை என்பதும் கூடவே வந்தன. இறந்தவர்களில் சுற்றுலாப் பயணிகளும் உண்டு, அன்றைய வேலைக்காக ஏறிய பயிற்சியாளர்களும் உண்டு.

கம்பெனி நடத்துபவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எரிபொருள், காப்பீடு, விமானப் பராமரிப்பு எல்லாம் போக மிஞ்சுவது அதிகமில்லை. வானிலை அவர்கள் கையிலும் இல்லை. சின்ன செஸ்னா விமானத்தில் நாலு பேரை ஏற்றிக் கொண்டு வார இறுதியில் மட்டும் நடத்தும் கிராமத்து கிளப்புக்கு நிரந்தரச் சம்பளம் கட்டுப்படியாகாது. அவர்களை விட்டு விடலாம். அங்கே நண்பர்கள் நண்பர்களுக்கு மடிக்கிறார்கள். ஆனால் இருபது பேருக்கு மேல் ஏற்றும் ட்வின் ஆட்டர் விமானத்தை வைத்துக் கொண்டு, நாள் முழுவதும் வரிசையாக டாண்டம் ஓட்டும் இடங்கள் வேறு. குதித்தாலும் குதிக்காவிட்டாலும் வந்த நாளுக்கு ஒரு அடிப்படைக் கூலி, அதற்கு மேல் குதிப்புக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இத்தனைக்கு மேல் கூடாது என்று அவர்கள் வைக்கத்தான் வேண்டும். டிக்கெட்டில் இருபது டாலர் ஏறினால் ஏறட்டும். வாழ்நாளில் ஒரு முறை குதிக்க வருகிறவர் அதற்காகத் திரும்பிப் போய் விடப் போவதில்லை.

"அவர்களுக்குப் பிடித்துத்தானே செய்கிறார்கள்" என்பதுதான் இதற்கு வழக்கமாக வரும் பதில். பிடித்துத்தான் செய்கிறார்கள், சந்தேகமே இல்லை. சூரியன் மறையும் நேரத்தில் கடைசி விமானம் ஒன்று போகும். வாடிக்கையாளர்கள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு பேக்கர், பயிற்சியாளர், வீடியோக்காரர் என்று அன்றைக்கு முழுக்க வேலை செய்தவர்கள் தங்களுக்காக ஏறுகிறார்கள். எட்டுத் தடவை கூலிக்குக் குதித்தவர் ஒன்பதாவது தடவை காசு கொடுத்துக் குதிக்கிறார். இந்த அன்பைப் பார்த்துத்தான் கூலியைக் குறைக்கத் துணிகிறார்கள். வாத்தியாருக்கும் நர்ஸுக்கும் நடக்கிற அதே கதை. பிடித்த வேலை செய்கிறவருக்கும் பசிக்கும், தூக்கம் வரும்.

குதிக்கப் போகிறவரிடம் கவுண்டரில் பல பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்து வாங்குவார்கள். என்ன ஆனாலும் வழக்குப் போட மாட்டேன் என்பதுதான் அதன் சாரம். அதில் பின்னால் கட்டப்படப் போகிறவரைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது. அவரிடம் நேரே கேட்டு விடலாம். இன்றைக்கு இது எத்தனையாவது, சாப்பிட்டாரா, தகுதிச் சான்று எந்த ஆண்டு வாங்கினார்? நல்ல பயிற்சியாளர் கோபித்துக் கொள்ள மாட்டார். 13,000 அடி ஏறப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகும், பேச நேரம் நிறையவே இருக்கிறது. ஆனால் விமானம் ஏறும் முன்பே கேட்டு விடுவது நல்லது.