பட்டாளம் போகிறது, கிடங்கு நிற்கிறது!

ஏகாதிபத்திய சர்க்கார்கள் கடல் கடந்த தங்கள் பட்டாளங்களைக் குறைக்கத் திட்டம் போடும்போதெல்லாம், முதலாளித்துவப் பத்திரிகைகள் சமாதானம் வந்துவிட்டதாகத் தம்பட்டம் அடிக்கின்றன. தோழர்களே, தம்பட்டச் சத்தத்தில் ஏமாறாதீர்கள்! மூட்டை எங்கே கட்டப்படுகிறது, எங்கே இறக்கப்படுகிறது என்று பாருங்கள்.

ராணுவத் தளம் என்பது சிப்பாய்களின் கொட்டடி மட்டுமல்ல. எண்ணெய்த் தொட்டி, வெடிமருந்துக் கிடங்கு, கப்பல் பழுதுபார்க்கும் துறை, விமான ஓடுபாதை ஆகியவைதான் அதன் உயிர்நிலை. சிப்பாய் இன்று கப்பலேறலாம். கிடங்கு நிற்கும்வரை நாளையே அவன் திரும்பி வருவான்.

சரித்திரம் என்ன சொல்கிறது?

1956 தேர்தலில் இலங்கை மக்கள் அளித்த தீர்ப்பின் விளைவாக, 1957 அக்டோபர் 15 அன்று திரிகோணமலைக் கடற்படைத் தளத்தையும், நவம்பர் 1 அன்று கட்டுநாயக்கா விமானத் தளத்தையும் பிரிட்டன் ஒப்படைத்தது. ஆனால் வெள்ளையன் வீடு திரும்பினானா? பக்கத்திலேயே, மாலத்தீவின் கான் தீவில் விமானத் தளம் அமைத்துக்கொண்டான். 1976 வரை அங்கிருந்து அசையவில்லை.

1966இல் ஏடனைக் காலி செய்யப் போவதாக லண்டன் அறிவித்தது. அதே மூச்சில் பஹ்ரைனில் படையைப் பெருக்கத் திட்டமிட்டது. ஏடன் மக்களோ ஆயுதமேந்திப் போராடி, 1967 நவம்பரில் அவனைத் துரத்தியே விட்டார்கள்.

அதே நவம்பரில் பவுனின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 டாலருக்கு விழுந்தது. கஜானா காலி! 1968 ஜனவரி 16 அன்று பிரதமர் வில்சன், 1971 முடிவுக்குள் சிங்கப்பூர், மலேசியா, பாரசீக வளைகுடா ஆகிய இடங்களிலிருந்து படைகள் வெளியேறும் என்று பிரகடனம் செய்தார். திடீரென்று பிறந்த தர்ம சிந்தனையா இது? இல்லை. கடன்காரன் கதவைத் தட்டியதால் பிறந்த புத்தி!

"தளம் போனால் தொழிலாளி பட்டினி கிடப்பான்" என்று அன்று பயமுறுத்தினார்கள். தளங்கள் சிங்கப்பூர் தேசிய வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தந்தது உண்மை. தமிழரும் மலையாளிகளும் சீனரும் மலாய்க்காரரும் அங்கே வியர்வை சிந்தியதும் உண்மை. வெளியேறும் தேதியைக் குறித்த எஜமானர்கள், வேலை இழக்கும் தொழிலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? ஆனால் நடந்ததைப் பாருங்கள். செம்பவாங் கடற்படைத் துறை 1968இல் கைமாறி, வர்த்தகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளமாயிற்று. யுத்தக் கப்பலைச் செப்பனிட்ட கைகளால் சரக்குக் கப்பலையும் செப்பனிட முடியும். சோறு போட்டது பீரங்கியல்ல, தொழிலாளியின் உழைப்பு!

இனி இந்தக் குறைப்பு நாடகத்தின் கொடிய காட்சிக்கு வருவோம். ஒரு கையால் தளங்களை மூடத் தயாரான பிரிட்டன், மறு கையால் 1965 நவம்பரில் சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிலிருந்து வெட்டி எடுத்தது. 1966 டிசம்பரில் டீகோ கார்சியாவை அமெரிக்காவின் உபயோகத்துக்குத் தாரை வார்த்தது. 1968 முதல் 1973 வரை அத்தீவுகளின் மக்கள் பிறந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக்கூட விஷப்புகையிட்டுக் கொன்றார்கள். ஆப்கானிஸ்தான் மீதும் ஈராக் மீதும் குண்டு பொழிய விமானங்கள் புறப்பட்டது அந்த மண்ணிலிருந்துதான்.

2019இல் சர்வதேச நீதிமன்றம், பிரிட்டன் அங்கிருந்து வெளியேற வேண்டுமென்று கருத்துரைத்தது. 2025 மே 22 அன்று கையெழுத்தான ஒப்பந்தமோ, ஆட்சியுரிமை மொரீஷியஸுக்கு என்று சொல்லிக்கொண்டே டீகோ கார்சியா தளத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை எழுதுகிறது. தோட்டத்தை உனக்கே தந்தேன், கிணறும் வீடும் எனக்கு என்கிற நியாயம்!

இது தூரத்துச் சமாச்சாரம் என்று எண்ணாதீர்கள். பிலிப்பைன்ஸ் செனட் 1991இல் தளக் குத்தகையை நிராகரித்தது. மறு வருஷமே அமெரிக்கக் கடற்படையின் தளவாட விநியோகத் தலைமையகம் சிங்கப்பூரில், அதே செம்பவாங்கில் குடியேறியது. 2016 ஆகஸ்டில் இந்திய சர்க்காரும் அமெரிக்காவுடன் ராணுவத் தளவாட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2022 ஆகஸ்டில் சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளியில் அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் பழுதுபார்க்க வந்து நின்றது. "தளம் எதுவும் தரவில்லையே" என்கிறார்கள் டில்லி ஆட்சியாளர்கள். தளம் தர வேண்டியதில்லை, ஐயா! எண்ணெயும் தண்ணீரும் பழுதுபார்ப்பும் கிடைத்தால், தளம் கப்பலோடு சேர்ந்தே மிதந்து வரும்.

வர்த்தகக் கப்பல் வரட்டும், தொழிலாளி வரவேற்பான். யுத்த இயந்திரத்துக்கு நம் துறைமுகம் சேவகம் செய்யலாகாது. ஆகவே, எத்தனை சிப்பாய் குறைந்தான் என்ற கணக்கு நமக்கு வேண்டாம். கிடங்கு மூடப்பட்டதா? ஓடுபாதை மண்ணின் மக்களிடம் வந்ததா? தளத்தில் உழைத்தவனுக்கு மாற்று வேலை உண்டா? விரட்டப்பட்டவன் வீடு திரும்பினானா? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்லாத எந்தக் குறைப்புத் திட்டமும் பித்தலாட்டமே!

அந்நியப் படைத்தளங்கள் அடியோடு ஒழிக! தளவாட ஒப்பந்தத்தை ரத்து செய்! இந்து மகாசமுத்திரம் சமாதானப் பிரதேசமாகட்டும்!