செயலி இலவசம், மெய்ப்புக்குக் கூலி யார் தருவது?

1904-ஆம் ஆண்டு மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த சோழவந்தான் அரசஞ்சண்முகனார் விடுப்பில் போனார். அந்த இடத்தில் சில மாதங்கள் பாடம் நடத்தியவர் பாரதியார். பாரதியின் கவிதைகள் முழுவதையும் இன்று ஒரு செல்போனுக்குள் வைத்துக்கொள்ளலாம். எழுத்தைப் பெரிதாக்கலாம், மறந்துபோன ஒரு வரியைச் சொல் கொடுத்துத் தேடலாம், இணையம் இல்லாத இடத்திலும் படிக்கலாம். தொல்காப்பியப் பாயிரத்துக்கு விருத்தியுரை எழுதி, 1915-ல் மறைந்த சண்முகனாரையும் அவருடைய ஊர்ப் பிள்ளைகள் இதே வசதியோடு படிக்க வேண்டும் என்று கேட்பது பேராசையல்ல. படிப்பதற்கான செயலிகள் காசில்லாமலே கிடைக்கின்றன. நமக்குக் குறைவது அவற்றில் திறந்து படிக்கத் தகுந்த தமிழ் நூல்கள்தான்.

"இணையத்தில்தான் எல்லாம் பிடிஎஃப்பாக இருக்கிறதே" என்பார்கள். அங்கேதான் சிக்கல். டெம்மி அளவுப் புத்தகத்தின் பக்கம் ஏறக்குறைய 14 செ.மீ. அகலம். செல்போன் திரையோ 7 செ.மீ. அச்சுப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து வைத்தால் எழுத்து பாதியாகச் சுருங்கிவிடும். இரண்டு விரலால் விரித்தால் வரியின் முடிவு திரைக்கு வெளியே போய்விடும். வலப்பக்கம் தள்ளி வரியை முடித்து, மறுபடி இடப்பக்கம் இழுத்து அடுத்த வரியைப் பிடிக்க வேண்டும். பக்கத்துக்கு முப்பது வரி என்றால் முப்பது முறை இந்த இழுபறி. நாலு பக்கத்தில் ஆள் முகநூலுக்குப் போய்விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. யூனிகோடில் தட்டச்சாகி 'இபப்' வடிவில் வரும் நூலில் இந்தத் தொல்லை இல்லை. திரையின் அகலத்துக்கு வரிகள் தாமே மடிந்துகொள்ளும். படமாக வந்தால் பல பத்து எம்பி பிடிக்கும் நூல், எழுத்தாக வந்தால் பெரும்பாலும் ஒரு எம்பிக்குள் அடங்கும். பார்வையற்றவருக்குச் செல்போன் வாசித்தும் காட்டும். வெறும் படத்தை அதனால் வாசிக்க முடியாது.

இதைத் தமிழர்கள் முன்பே உணர்ந்துவிட்டார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ச்சுனனும் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க நூல்கள் முதல் கல்கி வரை தன்னார்வலர்களின் தட்டச்சிலேயே வளர்ந்தது. 2013-ல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் குழு, ஆறங்குலத் திரைக்கென்றே தனி வடிவமும் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களைத் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்கு வழங்கியது. பக்கப் படங்கள் கணினியால் எழுத்தாகவும் மாற்றப்பட்டன. ஆனால் கணினி மாற்றிய எழுத்தை அப்படியே நம்ப முடியாது. ரகரமும் துணைக்காலும் அதற்கு ஒன்றாகத் தெரியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால், பழைய ணா, றா, னாவிலும் கொம்பு வைத்த லை, ளையிலும் வரிக்கு வரி தடுக்கி விழும். ஒரு மனிதர் மூலப்பக்கத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகத் திருத்தினால்தான் விக்கிமூலத்தில் சிவப்பாக நிற்கும் பக்கம் மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்த பிறகே பச்சையாகும். இந்த வேலையைப் பெரும்பாலும் அலுவலகம் முடிந்து வந்து இரவில் உட்காருகிறவர்களே சம்பளமில்லாமல் செய்கிறார்கள். நூல்களை நாட்டுடைமையாக்கி வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை தந்தது மக்கள் பணம். அந்த நூல் மக்கள் கைக்கு வந்துசேரும் கடைசி அடிக்கு மட்டும் பணம் இல்லை என்பதை ஏற்க முடியவில்லை.

திரையில் படித்தால் மனதில் நிற்காது என்பது எளிதில் தள்ளிவிடக் கூடிய மறுப்பல்ல. 54 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாசகர்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018-ல் வந்தது. தகவல் சார்ந்த நூல்களை, அதுவும் நேர நெருக்கடியில் படிக்கும்போது, காகிதத்தில் படித்தவர்களுக்கே நன்றாகப் புரிந்திருந்தது. கதை படிப்பதில் அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆகவே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு அச்சுப் புத்தகத்தையே கொடுங்கள். நாவலுக்கும் சிறுகதைக்கும் செல்போன் போதும். இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்: பலருக்குச் செல்போனுக்கு மாற்று அச்சுப் புத்தகம் அல்ல, புத்தகமே இல்லாத நிலைதான். 2014-ல் யுனெஸ்கோ இந்தியா உட்பட ஏழு நாடுகளில் செல்போன் வாசகர்களை ஆராய்ந்தது. அவர்களில் மூன்றில் ஒருவர் செல்போனிலிருந்து குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார். மதுரை புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நம் பெருமை. ஆனால் சோழவந்தானில் கொடிக்கால் வேலை முடித்துச் சாயங்காலம் வீடு திரும்புகிறவர், இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறி அங்கே போய்ப் படிப்பார் என்று எதிர்பார்க்கலாமா?

பதிப்பாளர் வயிற்றில் அடிப்பதா என்றும் கேட்பார்கள். பொன்னியின் செல்வன் ஆண்டுக்கணக்கில் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. புத்தகக் காட்சிகளில் பல பதிப்பகங்கள் அதை இன்னும் அச்சிட்டு விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. வாழும் எழுத்தாளரின் நூலை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவது வேறு. அது திருட்டு, அதற்கு எந்த நியாயமும் கிடையாது. நான் பேசுவது உரிமை மக்களிடம் வந்துவிட்ட நூல்களைப் பற்றி மட்டுமே. அவை நல்ல வடிவில் எளிதாகக் கிடைத்தால் திருட்டுப் பிரதி தேடும் பழக்கமும் குறையும்.

செய்ய வேண்டியது பெரிய கட்டடம் எழுப்பும் வேலையல்ல. தமிழ் முதுகலை முடித்து வேலை தேடும் இளைஞர்கள் மதுரைக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி மெய்ப்புத் திருத்தும் வேலையை அவர்களிடம் கொடுக்கலாம். திருத்தி முடித்த நூல்களை ஒவ்வொரு ஊர் நூலகத்திலும் வைத்து, வருகிறவரின் செல்போனில் ஏற்றிக் கொடுக்கும் பொறுப்பை நூலகருக்குத் தரலாம். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டும் மக்களுக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு. தமிழ் வளர்ச்சித் துறையும் பொது நூலக இயக்ககமும் சேர்ந்து இந்த ஆண்டே நூறு நூல்களோடு தொடங்கட்டும். அந்த நூறில் ஒன்று அரசஞ்சண்முகனாருடையதாக இருக்கட்டும். அவர் எழுத்தின் பதிப்புரிமை முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.