ஸ்டேஷன் மாஸ்டர் எழுதிய சிறுவர் நாவல்

சென்ற மாதம் இப்பகுதியில் கோடை விடுமுறைப் பயணத்துக்கு முன்பதிவு செய்வதைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர்கள் பலர் கண்ட இடத்திலெல்லாம் நம்மை நிறுத்தி, காத்திருப்போர் பட்டியலில் முப்பத்தைந்தாம் எண் உறுதியாகுமா என்று வினவுகின்றனர். இரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன் ஜோசியமும் அறிந்திருப்பான் என்பது நம்மவர் துணிபு போலும். ஆகவே இம்மாதம் பயணச்சீட்டுப் பேச்சை விட்டுவிட்டு, இரயில்வே ஊழியர் ஒருவர் எழுதிய புத்தகத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் உதயசங்கர். 1960-ஆம் ஆண்டு பிறந்தவர், கோவில்பட்டிக்காரர். ஸ்டேஷன் மாஸ்டராகப் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அவர் இயற்றிய 'ஆதனின் பொம்மை' என்னும் சிறுவர் நாவலுக்கு 2023-ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் விருது கிடைத்தது. சாகித்திய அகாதெமி 2010 முதல் இருபத்து நான்கு மொழிகளில் எழுதும் குழந்தை எழுத்தாளர்களுக்கு அளித்து வரும் விருது இது. ஐம்பதாயிரம் ரூபாயும் ஒரு செப்புப் பட்டயமும் கொண்டது. அந்த அகாதெமியின் தலைமையகம் வேறெங்கோ இல்லை. நம் லோதி ரோட்டிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் அடையக்கூடிய பெரோஸ்ஷா சாலையில், இரவீந்திர பவனத்தில்தான் இருக்கிறது. இருந்தும் நம் குடியிருப்பில் எத்தனை பேர் அச்செய்தியை அறிந்திருந்தோம்? நாமே அறியவில்லை. இவ்வாண்டு ஊருக்குச் சென்றபோது மதுரையில் ஒரு புத்தகக் கடையில் அந்நூலைக் கையில் எடுத்த பின்னர்தான் எல்லாம் தெரிய வந்தது.

கோவில்பட்டி என்றால் தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் நம்மவர் நினைவுக்கு வரும். அவ்வூரைச் சுற்றியுள்ள கரிசல் மண் எழுத்தாளர்களையும் குறைவின்றி விளைவித்திருக்கிறது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் அதற்கு அருகிலுள்ள கிராமமே. பூமணி, தேவதச்சன், தமிழ்ச்செல்வன், கோணங்கி என்று அப்பெயர் வரிசை நீளும். இத்தகைய சூழலில் வளர்ந்த உதயசங்கர் முதலில் பெரியவர்களுக்காகவே கவிதையும் சிறுகதையும் எழுதினார். மலையாளத்திலிருந்து பல நூல்களைத் தமிழாக்கினார். பெரியோருக்கான சிறுகதைகளால் பெயர் பெற்ற பிறகே குழந்தைகளின் பக்கம் முழுமனத்துடன் திரும்பினார். எழுத்துலகில் இது சாதாரணமாக நடப்பதன்று. குழந்தைகளுக்கு எழுதிப் பழகிவிட்டு, பிறகு 'பெரிய' எழுத்தாளராக உயர முயல்வோரையே நாம் அதிகம் கண்டிருக்கிறோம். இவரோ படியில் கீழே இறங்குவதாக எண்ணாமல் இறங்கி வந்து, குழந்தைகளோடு தரையில் அமர்ந்து கொண்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் உத்தியோகத்தைப் பற்றி அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நடைமேடையில் பச்சைக் கொடியுடன் நிற்பவராகவே அவரைப் பயணிகள் காண்கின்றனர். உள்ளே நடப்பது வேறு. அடுத்த நிலையத்தாரிடம் 'லைன் கிளியர்' பெற வேண்டும். இரகசிய எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டி வந்த நிமிடம், போன நிமிடம் யாவும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஓர் எண் தவறினால் அது எழுத்துப் பிழையாக நின்றுவிடாது. எதிரெதிரே இரண்டு வண்டிகளாக முடியும். சிறிய நிலையங்களில் இரவு முழுவதும் இதே வேலைதான். கற்பனைக்கு ஒரு துளியும் இடமில்லாத பதிவேடு அது. அதை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், பேசும் மரத்தையும் பறக்கும் மீனையும் பற்றி ஒருவர் எழுத வேண்டுமானால் மனத்தில் எவ்வளவு வலு வேண்டும்! பகலெல்லாம் கோப்புகளைப் புரட்டிவிட்டு, மாலையில் இப்பகுதிக்கு இரண்டு பக்கம் எழுதவே திணறும் நமக்கு இது வியப்பாக இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் எண்ணிப் பார்த்தால், தமிழில் குழந்தை இலக்கியம் மாதச் சம்பளக்காரர்களின் கையால்தான் பெரிதும் வளர்ந்திருக்கிறது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் பணிபுரிந்தவர். அந்த வேலைக்கிடையே 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் தோற்றுவித்தார். வாண்டுமாமா என்று நாம் அறிந்த வி. கிருஷ்ணமூர்த்தி, புதுக்கோட்டையை அடுத்த அரிமளத்தில் 1925-ல் பிறந்து, பத்திரிகை அலுவலகங்களில் உழைத்தவர். கோகுலத்திலும், 1984-ல் தொடங்கிய பூந்தளிரிலும் அவர் கைபட்ட கதைகளைப் படித்து வளர்ந்தோர் நம் வாசகரிடையேயும் இருப்பர். பெரியவர்களுக்குக் கௌசிகன் என்ற பெயரில் எழுதியும், 2014-ல் மறையும் வரை ஊராருக்கு வாண்டுமாமாவாகவே நிலைத்தார். கடல் கடந்தும் இப்படித்தான். நீரெலியும் தேரையும் நாயகராக வரும் ஆங்கிலக் கதையை 1908-ல் வெளியிட்ட கென்னத் கிரகாம், இங்கிலாந்து வங்கியின் செயலாளராக இருந்தவர். மேசையும் பேரேடும் கற்பனையைக் கொன்றுவிடும் என்று சொல்வோர் இப்பட்டியலைச் சற்றுப் பார்க்கட்டும்.

இனி நாவலுக்கு வருவோம். மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் பன்னிரண்டு கிலோமீட்டரில் கீழடி இருக்கிறது. 2014-15-ல் மத்திய தொல்லியல் துறை அங்கு அகழத் தொடங்கியது. பின்னர் தமிழக அரசின் தொல்லியல் துறை தொடர்ந்தது. கிடைத்த பொருளொன்றின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று 2019-ல் வெளியான அறிக்கை கூறிற்று. அது பற்றி அறிஞரிடையே வாதங்கள் உள. அவற்றுள் நாம் புகவில்லை. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் மனிதரின் பெயர்கள் கீறப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று 'ஆதன்'. அந்த ஆதன் யார், கிழவனா சிறுவனா, யாருக்கும் தெரியாது. உதயசங்கர் தம் கதையில் அப்பெயரை ஒரு சிறுவனுக்குத் தந்துவிட்டார். இக்காலத்துச் சிறுவன் ஒருவனுக்கும் அந்தப் பழங்காலத்து ஆதனுக்கும் ஒரு பொம்மையின் வழியாக உறவு உண்டாகிறது. காலத்தைக் கடக்கச் செய்யும் இவ்வுத்தி புதிதன்று. அதைப் பெரிதாகப் புகழவும் மாட்டோம். அரசரும் போரும் இல்லாமல், விளையாட்டுச் சாமானை வைத்துப் பழமையைச் சொன்னாரே, அதுதான் நம்மைக் கவர்ந்தது.

இந்த நூலை நாமாகப் படித்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். நம் மகனுக்கு ஒன்பது வயது. வீட்டில் தமிழ் பேசுவான். இந்தியும் ஆங்கிலமும் படிப்பான். தமிழைப் படிக்க அறியான். அவன் பயிலும் பள்ளியில் தமிழுக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த உயிரெழுத்துக்கள் திங்கட்கிழமையன்று மறைந்துவிடும். கீழடியில் 2023-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கு அவனை அழைத்துச் சென்றோம். பகடைக் காயையும் பானை ஓட்டையும் பார்த்துவிட்டு, குளிர்பானம் எப்போது வாங்கித் தருவீர்கள் என்று கேட்டான். அவன் தாயார் நம்மைப் பார்த்தார்; நாம் ஒன்றும் பேசவில்லை.

திரும்புகையில் திருக்குறள் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள். முதல் நாள் மாலைக்குள் கைப்பேசியின் மின்சாரம் தீர்ந்தது. பெட்டியில் இருந்த மின்செருகியோ வேலை செய்யவில்லை. (நம் இலாகாவைக் குறை சொல்வதற்கில்லை; சில நேரம் கெட்டதும் நல்லதாக முடிகிறது.) வேறு வழியின்றி நூலை எடுத்து உரக்கப் படித்தோம். எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவரும் காது கொடுத்தார். ஆதன் என்ற பெயர் வந்ததும் பையன் நிறுத்தினான்.

"அப்பா, அந்த ஓட்டிலே எழுதியிருந்ததே, அந்த ஆதனா?"

"அதே பெயர்தான்."

"அப்போ அவன் நிஜமா இருந்தானா?"

"அந்தப் பெயரிலே ஒருவர் இருந்திருக்கிறார். மற்றதெல்லாம் கதை."

சிறிது நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, மேலே படியுங்கள் என்றான்.

நிஜாமுதீனில் இறங்கியபோது கதை முடிந்திருக்கவில்லை. வீட்டில் இரவுக்கு இரண்டு பக்கம் என்று வைத்துக்கொண்டோம். ஆண்டு இறுதிக் கணக்கைப் போல நமக்கு அலுவலகத்தில் வேலை குவிந்து, மூன்று நாள் தாமதமாகத் திரும்ப நேர்ந்தது. மூன்றாம் நாள் வந்தபோது பையன் விளக்கடியில் நூலைத் திறந்து வைத்து, பக்கத்திலே விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். படிக்கிறாயா என்று கேட்டோம். இல்லை, ஆதன் எங்கெல்லாம் வருகிறான் என்று தேடுகிறேன் என்றான். அந்த மூன்று எழுத்துக்களின் வடிவத்தை மட்டும் மனத்தில் பதிய வைத்து, பக்கம் பக்கமாக அவற்றைக் கண்டுபிடித்துக் கொண்டிருந்தான். அன்றிரவு 'ஆ' எங்கெங்கே வருகிறது என்று தேடினோம், மறுநாள் 'த'. உயிரெழுத்து அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டோம்.

சென்ற ஞாயிறு கடைத்தெருவிலிருந்து தேநீர் குடித்த மண் குல்லட் ஒன்றைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தான். கருவிப் பெட்டியிலிருந்து ஓர் ஆணியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குச் சென்றவன், அரை மணி கழித்து வந்து அதைக் காட்டினான். தன் பெயரைத் தமிழில் கீறியிருந்தான். வல்லின றகரம் வரவேண்டிய இடத்தில் இடையின ரகரம் இருந்தது. நாம் அதைச் சொல்லவில்லை. குல்லட் இப்போது ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. அதில் யாரும் தண்ணீர் ஊற்றக்கூடாதென்று உத்தரவு.