எது அசல்?

பழைய பிக்கப்பில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பொருத்தினால் வண்டியின் அசல்தன்மையே போய்விடும் என்கிறார்கள். தவறு.

ஒன்று: எது அசல்? 1953-லேயே ஃபோர்டு, எஃப்-100 பிக்கப்பை ஆட்டோமேட்டிக்கோடும் விற்றது. அடுத்த ஆண்டே செவ்ரோலே பிக்கப்பிலும் அது வந்துவிட்டது.

இரண்டு: சேஸியை வெட்டாதவரை, கழற்றிய கியர்பாக்ஸை நாளைக்கே திரும்ப மாட்டலாம். எதை இழந்தோம்?

மூன்று: இழுவை குறையுமாம். ஜிஎம் 700ஆர்4 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் முதல் கியர் விகிதம் 3.06. போதாக்குறைக்கு, வண்டி கிளம்பும்போது டார்க் கன்வெர்ட்டர் முறுக்குவிசையைப் பெருக்கியும் தருகிறது.

பயப்பட வேண்டியது வேறு: கார்புரேட்டரிலிருந்து அந்தக் கியர்பாக்ஸுக்குப் போகும் மெல்லிய கேபிள். அது தளர்ந்தால் ஆயில் அழுத்தம் குறைந்து உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகும். அப்படி ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஆயில் கன்னங்கரேல், தீய்ந்த வாடை. இதை ஏன் ஒருவரும் பேசுவதில்லை?