சொல்வதெழுதல்

பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதல் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ரகர றகரத்தில் தடுமாறி, பிழைபட்ட சொல்லைப் பத்துத் தரம் எழுதி, பிரம்படியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய நாட்கள் அநேகம். ஆனாலும், ஒருவரும் தேறக்கூடாது என்ற சங்கற்பத்தோடு எங்கள் வாத்தியார் பரீட்சை வைத்ததில்லை. அப்படியும் ஒரு பரீட்சை உலகத்தில் இருந்தது.

ஆஸ்திரேலியா 1901-இல் இயற்றிய குடியேற்றத் தடைச் சட்டத்தில், அந்தப் பரீட்சையை விதித்த ஷரத்தில் ஆசியர் என்றோ, கறுப்பர் என்றோ ஒரு சொல் அகப்படாது. துறைமுக உத்தியோகஸ்தர் ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் கொண்ட பகுதியை வாசிப்பார். கரையிறங்க வந்தவர் அதைக் கேட்டு எழுதவேண்டும். எந்த மொழி என்பது உத்தியோகஸ்தரின் இஷ்டம். ஆங்கிலத்தில் எழுதிவிடக்கூடியவர் என்று தோன்றினால், அவர் அறியாத வேறொரு மொழி காத்திருக்கும். 1909-க்குப் பிறகு ஒருவரும் இதில் தேறவில்லை.

இந்த யுக்திக்கு மூலம் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டால். கரும்புத் தோட்டங்களுக்கு நம் தமிழர்கள் திரளாகக் கப்பலேறிப் போன அந்த நாட்டில், இந்தியரின் வரவைத் தடுப்பதற்கென்றே, ஆனால் இந்தியர் என்ற பெயரை உச்சரிக்காமல், 1897-இல் ஒரு மொழிப் பரீட்சைச் சட்டம் செய்தார்கள். அவ்வாண்டே லண்டனில் கூடிய காலனிப் பிரதமர்களிடம், மகாராணியின் இந்தியப் பிரஜைகளை நிறம் சொல்லி விலக்கினால் அவர்கள் மனம் புண்படும் என்று எடுத்துரைத்த மந்திரி ஜோசப் சேம்பர்லேன், நேட்டாலின் வழியையே சிபார்சு செய்தார். கதவை ஓசைப்படாமல் சாத்தும்படிதான் அந்த ராஜதந்திரி கேட்டுக்கொண்டது.

ஜப்பானுக்கோ அந்த ஓசை கேட்டுவிட்டது. சிட்னியிலிருந்த அதன் கான்சல் எய்தாக்கி 1901-இல் அனுப்பிய ஆட்சேபத்தில், நாகரிகத்தில் உயர்ந்த தம் தேசத்தாரைப் பசிபிக் தீவினரான கனாக்கர், நீக்ரோக்கள், இந்தியர் முதலானோரோடு ஒரே வரிசையில் வைப்பது அவமதிப்பு என்று எழுதினார். பந்தியில் இலை போடாததைவிடப் பக்கத்து இலை யாருடையது என்பதே அவரை அதிகம் உறுத்தியது போலும். இந்த மனோபாவம் நம் ஊருக்குப் புதிதன்று. பிரிட்டன் ஜப்பானோடு 1902-இல் நேச உடன்படிக்கை செய்துகொண்டபின் இந்த மனத்தாங்கலை அலட்சியம் செய்ய இயலாமற்போகவே, 1905-இல் 'ஐரோப்பிய மொழி' என்பதை 'விதிக்கப்படும் மொழி' என்று திருத்தி, ஜப்பானிய மொழிக்கும் இடமுண்டு என்பதாகக் காட்டினார்கள். ஆனால் எந்த மொழியையும் கடைசிவரை விதிக்கவேயில்லை; 1958-இல் பரீட்சை ரத்தாகும்வரை ஐரோப்பிய மொழியே நீடித்தது.

வெள்ளையரும் சில வேளை இதில் சிக்கினார்கள். 1934-இல் வந்த ஏகோன் கிஷ் என்ற பிராக் நகரத்து எழுத்தாளர் ஹிட்லருக்கும் யுத்தத்துக்கும் விரோதி, கம்யூனிஸ்ட்டு. கரையிறங்க விடாததால் மெல்போர்னில் கப்பலிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டவர். பல ஐரோப்பிய பாஷைகள் அறிந்த அந்த மனிதருக்குச் சிட்னியில் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியை வாசித்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் போயிற்று. சட்டம் கருதும் ஐரோப்பிய மொழிகளில் கேலிக் சேராது என்று தீர்ப்பாகி, கிஷ் ஜயித்தார். ஆஸ்திரேலியாவிலிருந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு மகா கோபம்: தங்கள் மூதாதையரின் மொழி ஐரோப்பிய மொழியல்லவாமே என்று பத்திரிகைகளுக்கு எழுதித் தீர்த்தார்கள்.