எண்ணும்போது தன்னை விட்டவர்கள்

நடு வயதில் ஒருவருக்கு ஸ்டாண்ட்-அப் காமெடியில் வெறி பிடித்து மேடையேறுகிறார் என்றால் நம் இலக்கிய வட்டத்தில் இரண்டே எதிர்வினைகள். ஒன்று அனுதாபம்: 'பாவம், வீட்டில் ஏதோ பிரச்சினை.' மற்றது தீர்ப்பு: 'இறக்குமதிச் சரக்கு. பட்டணத்துப் பையன்களுக்குப் பொருந்தும், பெரம்பலூர்க்காரனுக்கு எதற்கு?' இரண்டிலும் சிந்தனை மருந்துக்கும் இல்லை. ஆனால் தீர்ப்புச் சொல்கிறவர்கள் தொல்காப்பியத்தையும் சாட்சிக்கு இழுப்பதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மெய்ப்பாடுகள் எட்டில் முதலாவது நகை. அது பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. இளமை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பு வாலிப விவகாரம் என்கிறார்கள். இளமை அங்கே சிரிப்புக்குப் பொருள். சிரிப்பவனின் வயசு அல்ல. குழந்தையின் மழலையைக் கேட்டு இன்னொரு குழந்தை சிரிப்பதில்லை. அதைக் கடந்து வந்தவன்தான் சிரிக்கிறான். தன் இளமையையும் பேதைமையையும் பார்க்க ஒரு தூரம் தேவை. நாற்பதுக்கு முன் அந்தத் தூரம் பெரும்பாலோருக்கு வாய்ப்பதில்லை.

இறக்குமதி என்ற குற்றச்சாட்டுக்கு அரியலூர் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் நெடுநாள் தங்கிப் பணிசெய்தவர் வீரமாமுனிவர். 1680ல் இத்தாலியில் பிறந்தவர். 1726ல் தேம்பாவணி முடிந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. காவியம் பாடியாயிற்று, இனி பட்டத்தோடு உட்காரலாம் என்று அவர் நினைக்கவில்லை. பண்டிதர்கள் தீண்டாத பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். அது 1738ல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். 1822ல் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் வெளியிட்டார். கதையின் சில சம்பவங்கள் ஐரோப்பிய நாட்டுப்புறச் சரக்கு. இறக்குமதி என்று தள்ளுவதானால் முதலில் இதைத் தள்ள வேண்டும். தள்ள முடியாது, மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற அந்த ஐந்து சீடர்களும் இங்கேயே குடியேறிவிட்டவர்கள். 'தேம்பாவணி இலக்கியம், குரு கதை வேடிக்கை' என்ற பாகப்பிரிவினை நாம் செய்தது, அவர் செய்ததல்ல.

அதில் ஆறு கடக்கும் கதை எல்லாருக்கும் தெரியும். கரையேறியதும் ஆள் எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஓர் ஆள் குறைகிறது. ஆறு விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி வைக்கிறார்கள்.

நம் விமர்சனம் இந்தக் கரையில்தான் நின்றுகொண்டிருக்கிறது. முந்நூறு பிரதி அச்சிட்டு, தமிழ்நாட்டின் மௌடீகத்தைக் கணக்கெடுக்கிறோம். வாசகன் மட்டி, பேராசிரியர் மடையன், வணிகப் பத்திரிகைக்காரன் மூடன். கணக்கில் ஓர் ஆள் எப்போதும் குறைகிறது. அதற்குக் கலாச்சாரச் சீரழிவு என்று பெயர் வைத்து அழுகிறோம்.

ஸ்டாண்ட்-அப் கலைஞன் தன்னிலிருந்து எண்ணத் தொடங்குகிறான். இதுதான் அந்த வடிவத்தின் ஆதாரம். கூத்தின் கட்டியங்காரனுக்கு வேஷம் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்துப் பபூனுக்கு முகப்பூச்சு. பட்டிமன்றப் பேச்சாளருக்கு அணியும் நடுவரும். இவனுக்கு ஒரு மைக், சொந்தப் பெயர், அவ்வளவே. என்.எஸ். கிருஷ்ணன் நந்தனார் சரித்திரத்தைக் கிந்தனார் காலட்சேபமாக மாற்றியபோது இந்த வடிவத்துக்கு மிக அருகில் வந்தார். நல்லதம்பி படத்தில் அது இடம்பெற்ற 1949ல் அவரும் நாற்பதைத் தாண்டியவர். அமெரிக்காவில் ராட்னி டேஞ்சர்ஃபீல்ட் இளவயதில் மேடையை விட்டு, அலுமினியப் பலகை விற்றுப் பிழைத்து, நாற்பதுகளில் திரும்பி வந்தார். தனக்கு எங்கும் மதிப்பில்லை என்பதே அவருடைய ஒரே விஷயம். இருபது வயதில் அதைச் சொன்னால் சிணுங்கல். விற்பனைப் பையோடு வீடுவீடாக ஏறி இறங்கியவன் சொன்னால் அனுபவம்.

இதற்காக, இன்று இந்தப் பெயரில் நடப்பதெல்லாம் கலை என்று நான் வாதிடவில்லை. மனைவி, மாமியார், குண்டு, கறுப்பு, அடுத்த ஜில்லாவின் உச்சரிப்பு - 2005ல் தொலைக்காட்சியில் 'கலக்கப்போவது யாரு' தொடங்கியதிலிருந்து இந்தப் பட்டியல் பெரிதாக மாறவில்லை. எள்ளல் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் கைகழுவிய வியாபாரம் அது. அங்கேயும் எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டே எண்ணுகிறான்.

கண்ணெதிரே கிடக்கும் பொருளைப் பாருங்கள். அரியலூர்க்காரர் 1995 வரை திருச்சி மாவட்டம், பிறகு பெரம்பலூர் மாவட்டம், 2001ல் அரியலூர், 2002ல் மறுபடி பெரம்பலூர், 2007ல் மறுபடி அரியலூர். வாசற்படி தாண்டாமல் நாலு முறை மாவட்டம் மாறியவர் அவர். கடல் இருந்த பூமி. சாத்தனூரில் மரம் கல்லாய்க் கிடக்கிறது. கோடிக்கணக்கான வருஷம் காத்திருந்த சங்கும் சிப்பியும் சிமெண்டாகி லாரியில் போகின்றன. அந்தப் புழுதியில் நின்றுகொண்டு தன் வம்சத்தின் பழம்பெருமை பேசுகிறான் ஒருவன். இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பவனுக்குக் கவிதையிலும் ஒன்றும் கிடைக்காது.

ஆனால் இங்கே சிரிப்புக்கு விலை உண்டு. பட்டணத்து அரங்கில் டிக்கெட் வாங்கி வந்தவன் அந்நியன். விளக்கு எரிந்ததும் கலைந்து போவான். பெரம்பலூரில் முதல் வரிசையில் பங்காளி, கடன் கொடுத்தவர், பெண் எடுத்த சம்பந்தி, சாதிச் சங்கத்துப் பொறுப்பாளர். நாளைக் காலை டீக்கடையில் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இருபது வயதுக்காரன் வெளியூர் போய்விடலாம். நாற்பத்தைந்து வயதுக்காரன் போக முடியாது. சிரிப்பின் பெயரால் சிறைக்குப் போவதும் கற்பனையல்ல: 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதான முனாவர் ஃபரூக்கி ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார், உச்ச நீதிமன்றம்தான் ஜாமீன் கொடுத்தது. நம்மில் எத்தனை பேருடைய கவிதை, எழுதியவனை இப்படி ஒரு தர்மசங்கடத்திலாவது மாட்டியிருக்கிறது?

ஆகவே ஒரு யோசனை. நம் அடுத்த கூட்டத்தில் கட்டுரை வாசிக்க வருகிறவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, தன்னைப் பற்றி, தன் ஊரில், தன்னைத் தெரிந்தவர்கள் முன்னால் பத்து நிமிஷம் நின்று பேசட்டும். மேற்கோள் கூடாது, மறைந்த மேதைகளைத் துணைக்குக் கூப்பிடக் கூடாது. சிரிப்பு வராவிட்டால் இறங்கிவிட வேண்டும். மிச்சம் எத்தனை பேர் என்று அப்புறம் எண்ணுவோம்.