‘டிவி புகழ்’

பங்குனி பிறந்தால் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சுவர்களில் கோயில் பொங்கல் போஸ்டர்கள் நிறைந்துவிடும். பாடகர் பெயருக்கு முன்னால் தவறாமல் ‘டிவி புகழ்’ என்று போட்டிருப்பார்கள். முன்பு ‘வானொலிப் புகழ்’ என்று போட்டதும் இதே சுவர்களில்தான். பாடிப் பிழைக்கிறவருக்கு நாலு மேடை கூடுதலாகக் கிடைத்தால் நமக்குச் சந்தோஷமே. 2018-இல் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் டிவியில் சூப்பர் சிங்கர் பட்டம் வென்றார். அவரும் மனைவி ராஜலட்சுமியும் நாட்டுப்பாட்டைக் கைவிடாமலே அந்த மேடையில் நின்றார்கள். சின்னக் காரியமில்லை.

அதே ஆண்டுதான் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் இராஜபாளையம் பக்கத்துக்காரர்; கணவரோடு ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்துப் பாடியவர். அவருக்கு இங்கே எத்தனை போஸ்டர் ஒட்டினோம்?

ஆனால் நம் பெரிய சங்கடம், பாடுகிறவரைவிடப் பாட்டு எழுதியவரைப் பற்றியது. ‘ஆத்தா உன் சேல’ பாட்டைக் கேட்டுக் கண் கலங்காதவர் குறைவு. அதை எழுதியவர் கவிஞர் ஏகாதசி என்று சொன்னால், “அது நாட்டுப்புறப் பாட்டுல்ல?” என்கிறார்கள். உயிரோடு நம்மிடையே இருக்கும் கவிஞரைப் பெயரில்லாத முன்னோர் கணக்கில் சேர்த்துவிட்டோம்! 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் சினிமாப் பாடலாசிரியருக்கு ராயல்டி உரிமையை உறுதி செய்தது. கலை இரவு மேடைக்கு எழுதுகிறவருக்கும் அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு. ஆனால் அவர் பெயரே தெரியாதபோது யாரிடம் போய்க் கேட்பார்? நடவுப் பாட்டும் ஒப்பாரியும் கட்டிய பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம். பாட்டுக்கு ஒரு பெயர்ச்சீட்டுகூட ஒட்டவில்லை.

இத்தனைக்கும் இது ஆண்டாள் ஊர். திருப்பாவையின் முப்பதாம் பாட்டில் ஊர், தகப்பனார், தன் பெயர் மூன்றையும் சொல்லித்தான் அவள் முடிக்கிறாள். பாடுகிற ஒவ்வொரு வாயும் மார்கழிதோறும் அந்தப் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். அவளுக்கு இருந்த விவரம் நம் விழாக் குழுக்களுக்கு இல்லாமல் போனது ஏன்?

மேடையேறும் பாடகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாடுவதற்கு முன் எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள். யாரிடம் கற்றீர்களோ அவர் பெயரையும் சொல்லுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. வாசகர்களுக்கு: உங்கள் தெருவில் கும்மியோ ஒப்பாரியோ பாடுகிற பெண்கள் சம்மதித்தால், பாட்டோடு அவர்கள் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து பெயரைப் பாட்டுக்கு மேலேயே அச்சிடுகிறோம்.